சுங்கத்தான் கதவை ஏன் சாத்தினான்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, உன் மருமகள் வாலு மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி? குளிருக்கு நல்ல கம்பளி வாங்கினாயா?

போனை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அண்ணி உத்தரவு. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா நாலாவது நிமிஷம் சண்டை. எழுதித் தொலைங்க. பேப்பர் திருப்பிக் கத்தாது" என்றாள். போன தடவை நீ அம்மா பேச்சை எடுத்தாய். கடையில் ஆள் நிற்கிறார் என்று நான் வைத்துவிட்டேன். ஆள் யாரும் நிற்கவில்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ இந்த வீட்டுப் படி ஏறியும் அதே ஆறு வருஷம். சரி, அது கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வாலு கணுக்காலை முறித்துக்கொண்டு ஒரு மாதம் கட்டிலில் கிடந்தாள் அல்லவா, அப்போது "நிழல் சுங்கம்" என்று ஒரு இணையச் சித்திரக்கதை பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாகம். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தவன் நான். இப்போது வெள்ளிக்கிழமை என்றால் கடையை அரை மணி முன்னதாகவே சாத்துகிறேன். கயிறும் சாக்கும் விற்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்காதே. அத்தையும் படிக்கிறாள் என்று வாலு சொன்னதால்தான் எழுதுகிறேன்.

நான் புரிந்துகொண்டது சரியா பார். ஒரு கோட்டை. உள்ளே போக வேண்டுமானால் உன் நிழலில் ஒரு துண்டு அறுத்துக் கொடுக்க வேண்டும். அதை வாங்குகிறவன் சுங்கத்தான். கல் உடம்பு, மூன்று கண், தோளெல்லாம் பாசி. கோட்டைக்குள் விளக்காயி என்று ஒருத்தி, உடம்பே வெளிச்சம். பொறி என்கிற பெண்ணை இரண்டு பேருமாக வளர்க்கிறார்கள். பொறி தீயால் எழுதும் வித்தை கற்க வனாந்தரம் தாண்டிப் போயிருக்கிறாள். இங்கே விளக்காயி மங்க ஆரம்பிக்கிறாள். உடனே சுங்கத்தான் என்ன செய்தான்? சேதிப் பறவை ஒன்றுகூட வெளியே போகாதபடி கோட்டைக் கதவைச் சாத்திவிட்டான். பொறி வந்து சேர்ந்தபோது திரிதான் மிச்சம்.

ஏன் சாத்தினான்? கதை எழுதுகிறவர் "கரித்துண்டு" என்று பெயர் போட்டுக்கொள்கிறார், ஆணா பெண்ணா தெரியாது, மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை. ரசிகர்கள் கூடும் பக்கத்தில் தினமும் அடிதடி. கோட்டையின் எதிரி சாம்பல் ராஜாவிடம் விலை போய்விட்டான் என்கிறது ஒரு கூட்டம். கோழை என்கிறது இன்னொன்று. நானும் "கயிறு" என்ற பெயரில் சேர்ந்திருக்கிறேன். என் கட்சி வேறு. அவன் பொறியின் நல்லதுக்காகத்தான் சாத்தினான். சேதி போயிருந்தால் அவள் வித்தையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள். விவரம் தெரிந்த மனுஷன் செய்கிற காரியம் அது. நீ என்ன நினைக்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். கம்பளி வாங்கியாகிவிட்டது. அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். வாலுவின் கணுக்கால் தேறியதா? உங்கள் முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள், அது தானாக மனம் திருந்தாது.

அச்சகத்தில் வேலை அதிகம். பள்ளிப் பாடப்புத்தகத்துக்குக் குடல் வரைந்துகொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று அடி என்கிறார்கள், நான் நான்கு அங்குலத்துக்குள் மடித்து வைக்க வேண்டும். மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வெளிச்சம் நன்றாக வருகிறது.

நீங்கள் சித்திரக்கதை படிக்கிறீர்கள் என்பதை நம்ப இரண்டு நாள் ஆனது.

சுங்கத்தான் விஷயத்தில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பொறியின் நல்லதுக்குத்தான் என்றால், அவளிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? அதை மட்டும் சொல்லுங்கள்.

தங்கை

பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். வாலு நொண்டாமல் நடக்கிறாள், வாய் எப்போதுமே நொண்டியதில்லை.

உன் கேள்வியை அப்படியே எடுத்து ரசிகர்கள் பக்கத்தில் போட்டுப் பதிலும் எழுதினேன். "கேட்டால் வருகிறேன் என்றுதான் சொல்வாள். வராதே என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது? அந்தச் சுமையை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டான். திட்டு வாங்குவோம் என்று தெரிந்தே போட்டுக்கொண்டான்." இதற்கு அறுநூற்றுப் பன்னிரண்டு லைக். கடை திறந்த நாள்முதல் இத்தனை பேர் என்னைப் பாராட்டியதில்லை. "தலையணை" என்று ஒரு பிரகிருதி மட்டும், "அவ்வளவு நல்லவனாக இருந்தால் கதவு திறந்ததும் ஏன் பொறியின் முகத்தைப் பார்க்கவில்லை?" என்று கேட்டது. சும்மா கிட என்று எழுதினேன். வாலு அழிக்கச் சொன்னாள், அழித்துவிட்டேன்.

இப்போது முக்கியமான சங்கதி. இந்த வாரப் பாகம் பார்த்தாயா? ஒருவன் கள்ள நிழல் கொண்டு வருகிறான். சுங்கத்தான் அதன் ஓரத்தில் ஒரு இழை உருவி, விளக்கில் காட்டி, புகையை முகர்ந்து, சாம்பலைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்க்கிறான். பொடியானால் அசல், கட்டியாக உருண்டால் போலி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சணலில் நைலான் கலந்திருக்கிறதா என்று நான் பார்ப்பது அச்சு அசலாக இப்படித்தானே. இதை எழுதுகிற ஆள் கயிற்றுக் கடையில் நின்றவர். பந்தயம் கட்டுகிறேன். நம் கடைத்தெருவில் கயிறு விற்பவர்கள் நாலு பேர். கரித்துண்டு யாரென்று நான் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் பார்.

குடல் வரைந்து முடித்தாயா? நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம். வீட்டில் எல்லோரும் நலம்தானே?

எழுதியவர் யார் என்று தேடாதீர்கள். யாரோ எங்கேயோ பார்த்ததை வரைந்திருப்பார்கள். பெயரை மறைத்து எழுதுகிறவரை ஊரெல்லாம் விசாரிப்பது நன்றாக இல்லை.

ஆகஸ்டில் கதை முடிகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கடைசிப் பாகத்தில் காரணம் தெரியும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவருக்கே காரணம் தெரியாமல் இருந்தால்?

தலையணை கேட்டது எனக்கும் சரி என்றுதான் படுகிறது.

தங்கை

ஏப்ரல் 3

அன்புத் தங்கைக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. மற்றபடி எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

எழுதுகிறவருக்குக் காரணம் தெரியாதா? நல்ல கதை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எவனாவது மூட்டை கட்டுவானா? கொஞ்சம் பொறு, நீ வேண்டாம் என்று சொன்ன வேலையைச் செய்யப் போகிறேன். எதிர்க்கடைக்காரருடைய மூத்த மகன் மீது எனக்குக் கண். முப்பது வயதாகிறது, கல்லாவில் உட்கார்ந்தால் பெட்டி மூடியில் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருப்பான். போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நான் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "தம்பி, நீதானே கரித்துண்டு? மறைக்காதே" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார்.

"என்னய்யா, வெயில்ல நடந்து வந்தீரா?" என்றார்.

போனைத் திறந்து படத்தைக் காட்டினேன். "இந்த இழையைக் கொளுத்திப் பாக்கறது. கயிற்றுக் கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது தெரியும்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நாங்க எங்கய்யா கொளுத்தறோம்? பல்லால கடிச்சு இழுத்துப் பாப்போம். மத்த ரெண்டு கடையும் அப்படித்தான். தீப்பெட்டிய எடுக்கறது உங்க கடை ஒண்ணுதான். சாக்குக் கடைக்குள்ள தீயக் காட்டற கிறுக்கன்னு நாங்க உங்களைத்தானே சொல்லுவோம். உங்க கல்லாப் பக்கத்துல உக்காந்து வீட்டுப் பாடம் எழுதுமே ஒரு பொண்ணு, அது முகத்துல புகை போகாம இடது பக்கமா ஊதுவீரே, மறந்துட்டீரா? இந்தக் கல்லுக்காரனும் இடது பக்கந்தான் ஊதறான் பாருங்க."

ஆள் வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. ரசிகர்கள் பக்கத்திலும் "கயிறு" தலைகாட்டவில்லை. தலையணைகூட உங்களைத் தேடுகிறது. அண்ணிக்குப் போன் செய்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வாய்தான் வேலை செய்யவில்லை என்றார்கள்.

ஆமாம், நான்தான்.

எதிர்க்கடைக்காரர் அளவுக்கு நான் உங்களிடம் நேராகப் பேசியதில்லை, அதனால்தான் இவ்வளவும். ஆறு வருஷத்துக்கு முன், இங்கே கடைசிப் பரீட்சை எழுதி முடித்து வெளியே வந்தேன். மரத்தடியில் நின்று போனை எடுத்தேன். எப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்டீர்கள். நன்றாக எழுதினேன் என்றேன். அதற்குப் பிறகு சொன்னீர்கள். அம்மா பதினொரு நாள் படுக்கையில் இருந்ததையும், எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டதையும். பரீட்சை கெட்டுவிடும் என்று சொல்லவில்லை என்றீர்கள். அன்றைக்கு முழுக்கக் கையில் பரீட்சைப் பென்சிலோடுதான் திரிந்தேன்.

ஒரு வருஷம் அந்தக் காரணத்தை நம்பிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தூக்கிப் போனவர் நீங்கள், ஒரு பரீட்சைக்காகவா இதை மறைத்தீர்கள்? கேட்டால் சண்டை வரும். அதனால் ஒரு கல் மனிதனை வரைந்து அவனிடம் கேட்டேன். அவனும் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. நான் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் ரகசியம் ஒன்றும் இல்லை அண்ணா. எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் பாகம் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்காகக் கேட்கவில்லை.

தங்கை

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். நானும்.

எதிர்க்கடையிலிருந்து வந்ததும் உன் அண்ணியிடம் படத்தைக் காட்டி, "இது நானா?" என்று கேட்டேன். "இப்பத்தான் தெரிஞ்சுதா? நான் ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சேன். மூணு கண்ணு, பாசின்னு வச்சதுல ஏமாந்துட்டீங்க போல. முழிக்கிற முழி உங்க முழிதான்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்கறதைப் பாக்க நல்லா இருந்துச்சு" என்றாள்.

அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன்னிடமே போய் உனக்காகத்தான் செய்தேன் என்று வாதாடியிருக்கிறேன். அந்தக் கருத்தை அழித்துவிடலாம் என்று போனேன். அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

அந்த ஏழு வாரத்தில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. சுற்றி வளைக்காமல் எழுதினால்தான் முடியும்.

பரீட்சை பொய் இல்லை. முதல் இரண்டு நாள் அதுதான் காரணம். டாக்டர் தேறிவிடும் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு உனக்குச் சொல்லப் போனை எடுத்தேன், உன் எண்ணையும் அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

நான் பதினாலு வயதில் மூட்டை தூக்கப் போனவன். அம்மா எழுந்திருக்கும் முன் கிளம்புவேன், அவள் படுத்த பிறகு வருவேன். நீயும் அவளும் வீட்டில் இருப்பீர்கள், சிரித்துப் பேசுவீர்கள், நான் உள்ளே வந்தால் "பெரியவன் வந்துட்டான், சோறு எடு" என்று பேச்சு நின்றுபோகும். யார் மேலும் தப்பில்லை. என்னிடம் அவளுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. வீட்டைத் தாங்குகிறவனிடம் என்ன பேசுவது?

அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் பேசினாள். நான் கேட்டதே இல்லாத கதையெல்லாம் சொன்னாள். ஒருநாள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டாள். பெரியவன் என்று இல்லை. எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது.

நீ வந்திருந்தால் அவள் உன் பக்கம் திரும்பியிருப்பாள். நான் எழுந்து கடைக்குப் போயிருப்பேன். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நானே போயிருப்பேன். அதுதான் காரணம். அது தவிர வேறு இல்லை.

உன் முறையைத் திருடினேன். திருடியவனே காவல்காரன் மாதிரியும் பேசினேன். உன் கல் மனிதனை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். பள்ளத்தில் தள்ளு. நானும் ஒரு லைக் போடுகிறேன்.

அண்ணன்

ஜூலை 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இப்போது பரவாயில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்களைத் திட்டினேன். வாயால் திட்டித் தீராமல் வரைந்தும் திட்டினேன். சுங்கத்தானைப் பள்ளத்தில் தள்ளி ஒரு பக்கம், நாய் துரத்த ஒரு பக்கம், மூன்று கண்ணிலும் மிளகாய்ப்பொடி தூவி ஒரு பக்கம். அந்த மூன்றாவது பக்கம் நன்றாகவே வந்திருந்தது. அச்சகத்தில் பக்கத்து மேஜை அக்கா பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த ஆள்? பாவமா இருக்கானே" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால்தான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எனக்கு வராததை எழுதினால் நீங்கள் தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்துவிடுவீர்கள். ஆனால் ஒன்று. அது என்னைத் தள்ளி வைக்கச் செய்த காரியம் என்று ஆறு வருஷம் நினைத்திருந்தேன். நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன், என்னவென்று எனக்குத்தான் தெரியவில்லை என்று. அது போய்விட்டது.

கடைசிப் பாகத்தை அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்ன காரணம் அதில் இல்லை. அது எனக்குச் சொன்னது, கதைக்குக் கொடுத்தது இல்லை. பொறி கேட்கிறாள். சுங்கத்தான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். பேச்சுக் கட்டம் காலியாக இருக்கும். அவள் கேட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான். வாசகர்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார்கள், தெரியும்.

உங்களிடம் பதினொரு நாள் இருக்கிறது. என்னிடம் ஒன்றுகூட இல்லை. அதில் ஒரு நாளை எனக்குக் கொடுங்கள் அண்ணா. நல்ல நாளாகப் பொறுக்க வேண்டாம். நடந்தது நடந்தபடி.

தங்கை

ஆகஸ்ட் 11

அன்புத் தங்கைக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

காலிக் கட்டத்தைப் பார்த்து ரசிகர்கள் பக்கம் பற்றி எரிகிறது. அச்சுப் பிழை என்கிறது ஒரு கூட்டம். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் என்று ஒருவன் எழுதப் போக, வாலு போனைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் நின்றாள். "கயிறு, நீ என்ன சொல்றே?" என்று தலையணை கேட்டது. தெரியாது என்று எழுதினேன்.

நான்காம் நாளைத் தருகிறேன்.

காலையில் அம்மா தெளிவாக இருந்தாள். நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தார், மூன்று கரண்டி குடித்தாள். வார்டில் எட்டுக் கட்டில், நம்முடையது கடைசி, வாசலுக்கு நேரே. "சின்னது வரலையா?" என்று கேட்டாள். நான், "வந்துட்டே இருக்கா" என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் வாயில் வந்துவிட்டது.

உடனே எழுப்பி உட்கார வைக்கச் சொன்னாள். முதுகுக்குத் தலையணை வைத்தேன். தலை வாரிவிடச் சொன்னாள். "இப்படிப் பாத்தா பயந்துரும்டா அது" என்றாள். எனக்குத் தலை வாரத் தெரியாது. சிக்கு எடுக்கவே அரை மணி ஆயிற்று, வலிக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முடி கொஞ்சம்தான் இருந்தது. மூன்று புரியாகப் பிரித்து எனக்குத் தெரிந்த மாதிரி முறுக்கிக் கட்டினேன். முன்னால் இழுத்துப் போட்டுத் தடவிப் பார்த்தாள். "கயிறு மாதிரியே இருக்கு, கிணத்துல எறங்கலாம்" என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார்.

பிறகு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் உள்ளே வந்தாலும் கழுத்தை நீட்டினாள். டாக்டர் வந்தார், துடைக்கிற அம்மா வந்தார், பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கூட்டமே வந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போதாவது உனக்குப் போன் செய்திருக்கலாம். சட்டைப் பையிலேயே போன் இருந்தது. அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியை நகர்த்தி, அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையை நீட்டி என் சட்டைக் காலரை மடித்துச் சரி செய்தாள். "சாப்பிட்டியா?" என்றாள்.

அண்ணன்